வண்டலூர் வந்தால் ஆடும் வண்டி

சுந்தரவல்லி காலையில் முதல் வேலையாக நான்கு எலுமிச்சம்பழங்களோடு வாசலுக்கு வந்தாள். தெருவோரம் நின்றிருந்த வெள்ளை நிறச் சின்னக் காரைச் சுற்றி வந்து, சக்கரத்துக்கு ஒன்றாகக் குனிந்து வைத்தாள். கற்பூரத்தை ஏற்றி முன் கண்ணாடிக்கு நேராகக் காட்டினாள். பிறகு வீட்டின் பக்கவாட்டுச் சந்துக்குள் எட்டிப் பார்த்து, யாரும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டாள்.

"ம், எடுங்க" என்றாள்.

அவள் புருஷன் ஏகநாதன் வண்டியைக் கிளப்பினார். பழங்கள் நசுங்கிச் சாறு தெருவில் தெறித்தது. கார் தெருமுனையில் திரும்பி முடிச்சூர் ரோட்டில் மறையும் வரைக்கும் சுந்தரவல்லி சந்தின் வாயிலை மறித்துக்கொண்டே நின்றாள்.

சந்தின் உள்பக்கம், பின் போர்ஷன் கதவுக்குப் பின்னால், கைப்பையும் சாப்பாட்டுக் கூடையுமாக சரிதா நின்றுகொண்டிருந்தாள். சானடோரியத்தில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் அவளுக்கு வேலை. கம்பெனி வேன் மெயின் ரோட்டுக்கு வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடும். அது தெரிந்தும் அவள் வெளியே வர முடியாது. வண்டி போன பிறகுதான் வரலாம் என்பது அந்த வீட்டில் புதிதாக வந்த சட்டம். வண்டிக்கு எதிரே அவள் முகம் படக்கூடாது. ஏனென்றால் அவள் புருஷனைப் பறிகொடுத்தவள்.

இத்தனைக்கும் அந்தக் கார் அவளுடைய புருஷனுடையது. ஏகநாதனின் தம்பி வினோத்குமார் ஆசைப்பட்டு செகண்ட் ஹேண்டில் வாங்கிய தொண்ணூற்று நான்காம் வருஷத்து வண்டி. மேற்குத் தாம்பரத்தில் அப்பா கட்டிய வீட்டில் முன் போர்ஷனில் அண்ணன் குடும்பம், பின் போர்ஷனில் தம்பி குடும்பம். மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வினோத்குமார் பைக்கில் கூடுவாஞ்சேரி போகும்போது வண்டலூர் அருகே ஒரு லாரி அவனை இடித்துவிட்டுப் போய்விட்டது. சரிதாவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. மகள் அஞ்சலி ஒன்றாம் வகுப்பு.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சரிதாவே சாவியைக் கொண்டுவந்து ஏகநாதனிடம் கொடுத்தாள்.

"சும்மா நின்னா பேட்டரி போயிடும் மாமா. எனக்கு ஓட்டத் தெரியாது. நீங்களே ஆபீசுக்கு எடுத்துட்டுப் போங்க."

ஏகநாதனுக்கு மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அதுவும் சாதாரண வேலை இல்லை, தரம் பார்க்கும் பிரிவில் சூப்பர்வைசர். ஒரு இரும்புத் துண்டு தலைமுடி அளவுக்குக் கோணியிருந்தாலும் அளந்து பார்த்துக் கழித்துக் கட்டிவிடுவார். "கண்ணால பாத்ததச் சொல்லாதே, அளந்து பாத்ததச் சொல்லு" என்று கீழே வேலை செய்பவர்களைப் படுத்தி எடுப்பார். அப்பேர்ப்பட்ட மனிதர்தான் எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டி ஏற்றிக்கொண்டு ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

காரணம் இதுதான். சாவியை வாங்கிய முதல் நாளே அது நடந்தது. தாம்பரம் நெரிசல், இரும்புலியூர் நெரிசல், பெருங்களத்தூர் நெரிசல் எல்லாம் தாண்டி, ரோடு கொஞ்சம் விரிந்து, வண்டலூர் நெருங்கும்போது ஸ்டியரிங் ஆடத் தொடங்கியது. முதலில் உள்ளங்கையில் லேசான நடுக்கம். அப்புறம் யாரோ எதிர்ப்பக்கம் இருந்து பிடித்து உலுக்குவது போல ஒரு ஆட்டம். ஏகநாதனுக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. பயத்தில் காலை எடுத்தார். வண்டி மெதுவானது. ஆட்டமும் நின்றது.

'தம்பி விழுந்த இடம்' என்று நினைத்தார். அதன்பிறகு மறைமலை நகர் வரைக்கும் ஊர்ந்துகொண்டேதான் போனார். ஆட்டம் திரும்ப வரவில்லை. 'இடம் தாண்டிடுச்சு, விட்டுட்டான்' என்று மனம் சொன்னது.

மறுநாளும் அதே இடம், அதே ஆட்டம். அதற்கு மறுநாளும் அப்படியே. சாயந்திரம் திரும்பும்போது அந்தப் பக்கமே லாரியும் பஸ்ஸுமாக அடைத்துக்கொண்டு நிற்கும், வண்டி நகரவே நகராது. அப்போது ஆட்டம் இல்லை. வீட்டைப் பார்த்து வரும்போது தம்பி சும்மா விடுகிறான், வீட்டை விட்டுப் போகும்போதுதான் பிடிக்கிறான் என்று ஏகநாதன் அதற்கும் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். காலையில் பெருங்களத்தூர் தாண்டும்போதே அவருக்கு வாய் உலர்ந்துவிடும். பின் சீட்டில் யாரோ உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். கண்ணாடியைப் பார்க்கப் பயந்துகொண்டு, நேரே பார்த்தபடி முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே போவார்.

மெக்கானிக்கிடம் காட்டவில்லையா என்று கேட்பீர்கள். காட்டினார். ரங்கநாதபுரம் பக்கம் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் துலுக்காணத்திடம் விட்டார். துலுக்காணம் வண்டியை எடுத்துக்கொண்டு மார்க்கெட் வழியாகப் போய், சைக்கிளுக்கும் கறிகாய் வண்டிக்கும் நடுவே நுழைந்து, பஸ் ஸ்டாண்டைச் சுற்றித் திரும்பி வந்தார்.

"இன்னா சார், வண்டி சோக்காகீது. ஸ்டியரிங் வெண்ணெ மாதிரி சுத்துது. எங்க ஆடுதுன்றீங்க?"

"வண்டலூர் கிட்ட போனா ஆடுது துலுக்காணம்."

"வண்டலூர்லயா?" துலுக்காணம் கையைத் துடைத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "உங்க தம்பி செத்தாரே, அங்கியா? தப்பா நெனச்சுக்காதீங்க சார். அது ஸ்பேனர் வச்சு முடுக்குற வேலை இல்ல. வேற யாருனா பாக்க சொல்லுங்க."

மெக்கானிக்கே சொல்லிவிட்டான் என்றதும் சுந்தரவல்லிக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. மண்ணிவாக்கத்துப் பக்கம் குறி சொல்லும் ஒருவரிடம் புருஷனை இழுத்துக்கொண்டு போனாள். அவர் விபூதியை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார்.

"அவன் வண்டிய வுடல. ஏன் வுடல? பொஞ்சாதி அங்கியே கீறா. அவ மூஞ்சி வண்டி மேல பட்டா அவன் பின்னாலியே வந்துடுறான்."

அன்றைக்கு வந்ததுதான் எலுமிச்சம்பழமும் கதவுக்குப் பின்னால் நிற்கும் சட்டமும். ஆட்டம் நிற்கவில்லை. வண்டிக்கு மேலே கொடியில் சரிதாவின் புடவை காயக்கூடாது என்று இன்னொரு சட்டம் வந்தது. அதற்கும் நிற்கவில்லை. பூசணிக்காய் உடைத்தார்கள், தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. அப்போதும் நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் பலிக்காதபோது, சொன்னது பொய் என்று யாருக்கும் தோன்றவில்லை. இன்னும் கொஞ்சம் அந்தப் பெண்ணை ஒதுக்க வேண்டும் என்றுதான் தோன்றியது. நம் ஜனங்களின் புத்தி இப்படித்தான் வேலை செய்கிறது. மருந்து பலிக்காவிட்டால் மருந்தைச் சந்தேகப்படுவதில்லை, இன்னும் ஒரு பிடி கூட்டிக் கொடுக்கிறார்கள்.

கடைசியில் குறி சொல்பவர் முடிவாகச் சொல்லிவிட்டார். அவள் வீட்டில் இருக்கிற வரைக்கும் அவன் அடங்கமாட்டான். அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

சுந்தரவல்லி கெட்டவள் இல்லை. அஞ்சலிக்குத் தலை பின்னி ஸ்கூலுக்கு அனுப்புகிறவள் அவள்தான். ஆனால் அவளுக்குள் ஒரு முள் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பல்லாவரத்தில் உறவுக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பஸ்ஸில் வரமாட்டேன், உங்க தம்பிகிட்ட காரைக் கேளுங்க என்று புருஷனைப் பிடுங்கியது அவள்தான். ஏகநாதன் போய்க் கேட்டார். வினோத்குமார் மறுபேச்சில்லாமல் சாவியைக் கொடுத்துவிட்டு பைக்கை எடுத்தான். காரில் போயிருந்தால் அவன் உயிரோடு இருந்திருக்கலாம். இதைப் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவருக்கொருவர்கூடச் சொல்லிக்கொண்டது கிடையாது. சொல்லாத அந்தக் குற்றம் இருவரையும் தூங்கவிடாமல் அடித்தது. அதை இறக்கி வைக்க அவர்களுக்கு ஒரு தோள் வேண்டியிருந்தது. பக்கத்தில் சரிதாவின் தோள் இருந்தது.

"கொஞ்ச நாள் உங்க அண்ணன் வீட்ல இருந்துட்டு வாயேன் சரிதா" என்றாள் சுந்தரவல்லி, காய் நறுக்கிக்கொண்டே.

மதுராந்தகத்தில் சரிதாவின் அண்ணனுக்கு ஒற்றை அறை வீடு. அவருக்கே மூன்று பிள்ளைகள். அங்கே போனால் வேலை போகும், அஞ்சலியின் ஸ்கூல் போகும். 'கொஞ்ச நாள்' என்றால் எவ்வளவு நாள் என்பது சரிதாவுக்கும் தெரியும். போன பிறகு பின் போர்ஷனுக்கு யாராவது வாடகைக்கு வருவார்கள். அப்புறம் திரும்பி வர இடம் இருக்காது.

"நீங்க சொல்லுங்க மாமா" என்று அவள் ஏகநாதனைப் பார்த்தாள்.

அவர் பேப்பரை மடித்து, திருப்பி, மறுபடியும் மடித்தார். "கொஞ்ச நாள்தானேம்மா" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை சரிதா மகளோடு காரில் பின் சீட்டில் ஏறினாள். டிக்கியில் துணிப்பெட்டியும் அஞ்சலியின் புத்தகப்பையும் இருந்தன. சுந்தரவல்லி வாசலில் நின்று குழந்தைக்குக் கையசைத்தாள். அவள் கண் கலங்கியதும் உண்மைதான்.

பெருங்களத்தூர் வரைக்கும் அஞ்சலி ஜன்னல் வழியாகப் பஸ்களின் நம்பரைப் படித்துக்கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ரோடு காலியாக இருந்தது. நெரிசல் விட்டதும் வண்டி வேகம் பிடித்தது. சொல்லி வைத்த மாதிரி ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கியது. ஏகநாதனின் கைகள் விறைத்துக்கொண்டன. உதடுகள் முணுமுணுத்தன.

சரிதா இதைப் பல மாதங்களாகக் கேள்விதான் பட்டிருந்தாள். கண்ணால் பார்ப்பது இப்போதுதான். உண்மையிலேயே தன் புருஷன்தானோ என்று அவளும் ஒரு கணம் நினைத்தாள். என்னை அனுப்புகிறார்களே என்று கோபமா, அல்லது நான் போவதுதான் அவருக்கும் வேண்டுமா? மகளைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, முன் சீட்டின் முதுகைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தாள்.

"ஏன் மாமா நடுங்குறீங்க?"

"எடம் வந்துடுச்சும்மா. அவன் எடம்."

சரிதா வெளியே பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"இது எடம் இல்ல மாமா."

"என்ன?"

"எடம் இன்னும் வரல. போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க. எடத்தப் பாத்து மகஸர் எழுதணும்னு நிக்க வச்சாங்க. அது இன்னும் தள்ளி, அந்தப் பக்கம் ஒரு பஸ் ஸ்டாப் வரும், அதுக்கு எதிர்ல. எனக்கு மறக்குமா?"

ஏகநாதன் ஒருநாளும் அந்த இடத்தைப் போய்ப் பார்த்ததில்லை. தைரியம் இருந்ததில்லை. வண்டி எங்கே ஆடுகிறதோ அதுதான் இடம் என்று அவரே முடிவு கட்டி வைத்திருந்தார்.

"மெதுவா போங்க மாமா" என்றாள் சரிதா.

அவர் வேகத்தைக் குறைத்தார். ஆட்டம் அடங்கியது. நிதானமாக வந்து, அவள் சொன்ன பஸ் ஸ்டாப்பைக் கடந்தார்கள். ஸ்டியரிங் அசையாமல் இருந்தது. சரிதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரோட்டோரத்தில் ஒன்றும் இல்லை. மண், கொஞ்சம் புல், யாரோ எறிந்துவிட்டுப் போன பிளாஸ்டிக் டம்ளர். அவள் கை மட்டும் அஞ்சலியின் தலையை வருடிக்கொண்டே இருந்தது. குழந்தைக்கு அந்த இடம் தெரியாது.

வண்டலூர் சந்திப்பு தாண்டியதும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"இப்ப பழையபடி வேகமா போங்க."

முள் அறுபதைத் தாண்டியது. ஸ்டியரிங் நடுங்கியது. ஊரப்பாக்கம் நெருங்கியாகிவிட்டது. இங்கே யாரும் விழவில்லை.

"இப்ப ஏன் மாமா ஆடுது?"

ஏகநாதன் தடுமாறினார். பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் பயம் ஒரு தடவை வாயைத் திறந்துவிட்டால் மரியாதை பார்க்காது.

"நீ… நீ வண்டியில இருக்கியேம்மா. அவன் உன்கூடவே…"

"நிறுத்துங்க."

அவர் ஓரம் கட்டினார். சரிதா கதவைத் திறந்து இறங்கினாள். குழந்தையை இறக்கினாள். பெட்டியையும் புத்தகப்பையையும் தானே டிக்கியிலிருந்து எடுத்து, பூட்டிக் கிடந்த ஒரு பங்க் கடை நிழலில் வைத்தாள்.

"வீட்ட விட்டு வந்துட்டேன். இப்ப வண்டிய விட்டும் எறங்கிட்டேன். என் துணிகூட உள்ள இல்ல. கூடுவாஞ்சேரி வரைக்கும் நீங்க மட்டும் போய்ட்டு வாங்க மாமா. ஆடலன்னா, நான் இங்கேர்ந்தே பஸ் ஏறி மதுராந்தகம் போயிடறேன். இனிமே உங்க வாசப்படி ஏறமாட்டேன்."

"சரிதா, வேணாம்மா…"

"போங்க மாமா."

அவள் குரல் உயரவில்லை. அதனால்தான் அவரால் மறுக்க முடியவில்லை.

காலியான காரில் ஏகநாதன் தனியாகப் போனார். கண்ணாடியில் அந்தப் பெண்ணும் குழந்தையும் சின்னதாகிக்கொண்டே போனார்கள். ஐம்பது. ஒன்றும் இல்லை. ஐம்பத்தைந்து. உள்ளங்கையில் அரிப்பது போல ஒரு துடிப்பு. அறுபத்தைந்து. ஸ்டியரிங் உலுக்கியது.

வண்டியில் அவரைத் தவிர யாரும் இல்லை. வாழ்க்கையிலேயே அவ்வளவு பயந்தது அப்போதுதான். இத்தனை நாளும் பயத்துக்குப் பக்கத்தில் சரிதா என்றொரு பெயர் இருந்தது, சாய்ந்துகொள்ள வசதியாக இருந்தது. இப்போது அதுவும் இறங்கிப் போய்விட்டது. 'அப்ப என்னைத்தான் பிடிச்சிருக்கான்' என்று நினைத்தார்.

"டேய் வினோத்து" என்றார் வாய்விட்டு. "நான்தான்டா வண்டியக் கேட்டேன். அவ என்னடா பண்ணினா? என்னை என்ன வேணா பண்ணிக்கோ."

சொல்லி முடித்ததும் அழுகை வந்தது. கண்ணீர் மறைத்ததால் தானாகவே காலை எடுத்தார். ஆட்டம் குறைந்து நின்றது. அழுதுகொண்டே மறுபடியும் மிதித்தார். அதே ஐம்பத்தைந்தில் துடிப்பு, அதே அறுபத்தைந்தில் உலுக்கல். காலை எடுத்தார், நின்றது. மிதித்தார், ஆடியது.

தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்த பையன் எவனாவது 'மிஷின் ஆடுது சார்' என்று வந்தால், 'எந்த வேகத்துல?' என்பதுதான் அவர் கேட்கிற முதல் கேள்வி. அந்தக் கேள்வியை இந்த வண்டியிடம் அவர் ஒருநாளும் கேட்கவில்லை. கூடுவாஞ்சேரி வருவதற்குள் கேட்டுவிட்டார். பதிலும் கிடைத்துவிட்டது. இடத்துக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை, வேகத்துக்கும் ஆட்டத்துக்கும்தான் சம்பந்தம். தாம்பரத்திலிருந்து கிளம்பினால் அறுபதைத் தொடுவதற்கு ரோடு வாய்ப்புக் கொடுக்கும் முதல் இடம் வண்டலூருக்கு முன்னால்தான். அதனால்தான் அங்கே ஆடியது. அப்புறம் பயத்தில் அவரே மெதுவாகப் போனார், அதனால்தான் நின்றது. மார்க்கெட் தெருவுக்குள் ஊர்ந்துவிட்டு வந்த துலுக்காணத்தின் கைக்கு அது எப்படிப் பிடிபடும்?

திரும்பி வந்து நிறுத்தியபோது சரிதா அதே இடத்தில் நின்றிருந்தாள். நிழல் நகர்ந்து வெயில் அவள் மேல் விழுந்திருந்தது. குழந்தை பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தது.

"ஆடுச்சு" என்றார்.

"நான் இல்லாமலேவா?"

"நீ இல்லாமலேதான்மா."

அவள் பெட்டி ஓரத்தில் மகள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

ஏகநாதன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஜாக்கியை எடுத்தார். முன்பக்கம் இடது சக்கரத்தைத் தூக்கி, கையால் சுழற்றி, கண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நேராகச் சுற்றியது. இறக்கிவிட்டு வலது சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினார். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடம் மட்டும் உள்ளே போய் வெளியே வந்தது. நட்டுகளைக் கழற்றிச் சக்கரத்தை உருவித் தரையில் புரட்டிப் போட்டார். உள்பக்கம் ரிம்மின் விளிம்பு ஒரு கை அகலத்துக்கு மடங்கியிருந்தது. அதற்கு நேராக டயரில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. விரலால் அழுத்தினால் அமுங்கியது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஏதோ ஒரு காலையில், போகிற வேகத்திலேயே வெடித்திருக்கும். அப்போது அந்த வீட்டில் இன்னொரு சாவு விழுந்திருக்கும். அந்தப் பழியும் யார் தலையில் விழுந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தினமும் இதே சக்கரத்தின் முன்னால் குனிந்து சுந்தரவல்லி பழம் வைத்திருக்கிறாள். தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்தி உள்ளே பார்க்க இருவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"இது எப்படி மாமா இப்படி மடங்குச்சு?"

ஏகநாதன் மடங்கிய விளிம்பில் விரலை வைத்தபடியே இருந்தார். பல்லாவரத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வாங்க என்றார்கள். எப்படி ஓட்டினார் என்பது அவருக்கே தெரியாது. குரோம்பேட்டை கிட்ட ஒரு பஸ்ஸை முந்தப் போய், வலது பக்கச் சக்கரம் நடு ரோட்டுச் சுவரின் முனையில் ஏறி, தடாலென்று இறங்கியது. நிறுத்தவில்லை. தம்பியை உயிரோடு பார்த்துவிட வேண்டும் என்ற ஒரே நினைப்பு. பார்க்க முடியவில்லை. அதற்கப்புறம் சக்கரத்தைப் பற்றி யார் நினைத்தார்கள்?

"அவன்கிட்ட ஓடி வந்தப்ப மடங்குனதும்மா" என்றார்.

டிக்கியிலிருந்த ஸ்டெப்னிச் சக்கரத்தை எடுத்து மாட்டினார். மூன்று பேரும் ஏறினார்கள். வண்டியை எந்தப் பக்கம் திருப்புவது என்று கேட்கும் தைரியம் அவருக்கு இல்லை. சரிதாதான் பேசினாள்.

"இன்னிக்குச் சக்கரம் கிடைச்சுது மாமா. நாளைக்கு வீட்ல தண்ணி மோட்டார் எரிஞ்சு போகும். அக்காவுக்கு ஜுரம் வரும். அப்ப யாரைப் பாப்பீங்க?"

அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் மதுராந்தகம் போகல. நீங்க கூப்பிட்டு நான் வரணும்னு இல்ல. அது என் வீடு. நான் என் வீட்டுக்குப் போறேன்."

திரும்பும் வழியில் முள் எழுபதைத் தொட்டது. ஸ்டியரிங் அமைதியாக இருந்தது. அந்த பஸ் ஸ்டாப் வந்ததும் ஏகநாதன் தானாகவே வண்டியை நிறுத்தி இறங்கினார். ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய், மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை மாதமாகத் தம்பிக்கு அவர் பயந்திருக்கிறாரே தவிர, தம்பிக்காக அழுததே இல்லை. அன்றைக்கு அழுதார். சரிதா காரிலேயே இருந்தாள்.

வீட்டு வாசலில் கார் நின்று சரிதா இறங்கியதும் சுந்தரவல்லிக்கு முகம் வெளிறியது.

"என்னங்க இது? திருப்பிக் கூட்டிட்டு வந்துட்டீங்களா? குறி சொன்னவரு என்ன சொன்னாரு, மறந்துட்டீங்களா?"

ஏகநாதன் டிக்கியைத் திறந்து சக்கரத்தை இறக்கி, உருட்டிக்கொண்டே ஹாலுக்குள் வந்தார். மொசைக் தரையில் கறுப்பாகத் தடம் விழுந்தது. சக்கரத்தைப் படுக்கப் போட்டார்.

"தொட்டுப் பாரு."

"என்னங்க…"

"தொடு சுந்தரி. நாலு மாசமா நம்மள ஆட்டுன ஆவி இதுலதான் இருக்கு."

சுந்தரவல்லி பயந்துகொண்டே மடங்கிய விளிம்பைத் தொட்டாள்.

"குரோம்பேட்டை கிட்ட ஏறி எறங்குச்சே, ஞாபகம் இருக்கா? உன் தலைகூட மேல இடிச்சுது. பக்கத்துல நீயும்தான் இருந்த. வண்டி ஆடுனா வண்டியக் கழட்டிப் பாக்கணும். நான் தொழிலே அதுதான் பண்றேன். ஆனா நாம ரெண்டு பேரும் இந்தப் பொண்ணப் பாத்தோம். புருஷனப் பறிகொடுத்து நிக்கிறவள கதவுக்குப் பின்னால நிக்க வச்சோம். இது பரிகாரம் இல்ல, பாவம். ஏன் பண்ணினோம்னும் எனக்குத் தெரியும். அன்னிக்கு வண்டியக் கேட்டு வாங்குனது…"

"சொல்லாதீங்க" என்று சுந்தரவல்லி அவர் கையைப் பிடித்தாள். "அவளுக்குத் தெரிய வேணாம்."

வாசற்படியில் குழந்தையோடு நின்றிருந்த சரிதா உள்ளே வந்தாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்கா. கிளம்பும்போது சொல்லிட்டுத்தான் போனாரு. அண்ணி பட்டுப்புடவை கட்டியிருக்காங்க, பஸ்ல கசங்கிடும், நான் பைக்ல போறேன்னு சிரிச்சுக்கிட்டே போனாரு."

சுந்தரவல்லி தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

"தெரிஞ்சுமா ஒரு வார்த்தை கேக்கல?"

"என்ன கேக்கறது? லாரிக்காரன் இடிச்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?" சரிதா குனிந்து அவள் தோளைத் தொட்டாள். "ஒரு சாவுக்கு யார் மேலயாவது பழி போடணும்னு தேடினா, எல்லா வீட்லயும் ஒருத்தர் கிடைப்பாங்கக்கா. எனக்கும் நீங்க கிடைச்சீங்க. நான் தேடல. தேடக்கூடாது."